வெள்ளைத் திரி

ஆய்வகத்துச் சுவரில் ஒரு பலகை தொங்கியது. ‘தட்டுகளை முகர்ந்து பார்க்கக் கூடாது’ என்று சிவப்பு மையில் எழுதி, கீழே மூன்று முறை கோடு இழுத்திருந்தது. அங்கே வேலை பார்ப்பவர்கள் மொத்தமே மூன்று பேர். ஒருவர் அந்தப் பலகையை எழுதிய தலைவர். இன்னொருவர் பக்கத்து மேசைக்காரர். அவருக்கு இருபது வருஷமாக ஓயாத சளி, பூண்டை நசுக்கி மூக்கில் வைத்தாலும் தெரியாது. ஆக, பலகை யாருக்காக மாட்டப்பட்டது என்று யாரும் கேட்கத் தேவையிருக்கவில்லை.

மூக்குக்காரி என்பது அவளுக்கு அக்கா வைத்த பெயர். ஏழு வயதில் தெருமுனையில் விளையாடிக்கொண்டிருந்தவள், “நம்ம வீட்ல பால் தீயுது” என்று சொல்லிவிட்டு ஓடிப்போய் அடுப்பை அணைத்தாள். அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர் ஆஸ்பத்திரி வேலைவரை கூடவே வந்துவிட்டது. நோயாளிகளிடமிருந்து எடுத்த ரத்தம், சளி, சீழ் ஆகியவற்றை வட்டமான சின்னத் தட்டுகளில் தடவி, கதகதப்பான பெட்டிக்குள் வைத்து, என்ன கிருமி முளைக்கிறது என்று பார்ப்பதுதான் அவள் வேலை. கண் பார்த்துச் சொல்வதற்குள் மூக்கு முந்திக்கொண்டு சொல்லிவிடும். “ஒருநாள் அந்தக் கிருமி உன் மூக்குக்குள்ளயே குடித்தனம் பண்ணப்போகுது, அப்பத் தெரியும்” என்று தலைவர் திட்டுவார். திட்டில் நியாயம் இருந்ததால் அவளும் கொஞ்சம் குறைத்துக்கொண்டிருந்தாள்.

இத்தனை பெரிய மூக்குக்கு ஒன்றே ஒன்று மட்டும் ஆகாது. தீக்குச்சி உரசிய வாடை. பட்டால் போதும், பதினைந்து தும்மல் வரிசையாக வரும். பின்னால் வரப்போகிற அத்தனை குளறுபடிக்கும் அதுதான் மூலம் என்பதால் இப்போதே சொல்லிவைத்துவிடுவது நல்லது.

அன்று காலை ஒன்பதரைக்கு அக்காவிடமிருந்து போன் வந்தது.

“நூத்திமூணுடி!”

அக்கா போனில் ஒருநாளும் நலம் விசாரித்து ஆரம்பித்ததில்லை. நேராக விஷயத்தின் நடுவில் குதித்துவிடுவாள்.

“மறுபடியுமா?”

“மறுபடியும்தான். கட்டிலே ஆடுது, அப்படி நடுங்குறாரு. மூணு போர்வை போட்டும் பத்தல. அறுவை டாக்டர் வந்து பாத்துட்டுப் போயிட்டாரு. நாளைக்கு மத்தியானம் வயித்தைத் திறந்துடலாங்குறாரு, ஏதோ டப்பாவைத் திறக்குற மாதிரி. நீ மேல வர்றியா, இல்ல நான் கீழ வந்து அழட்டுமா?”

“இங்க வந்து அழாதே, தட்டெல்லாம் திறந்து கிடக்கு. நானே வர்றேன்.”

போனை வைத்தாள். ஆனால் உடனே போகவில்லை.  அக்காவுக்குத் தெரியாத ஒரு கணக்கு அவளுக்குத் தெரிந்திருந்தது.

அக்கா வீட்டுக்காரர், அவளுக்கு அத்தான், ஊரெல்லாம் வீடு வீடாகப் போய் மின்கம்பி இழுக்கிறவர். ‘கரண்ட்’ என்றால்தான் தெரியும், அவருடைய சொந்தப் பெயரைச் சொன்னால் அவரே ஒரு நொடி யோசித்துத்தான் திரும்பிப் பார்ப்பார். ஆறு நாளைக்கு முன்னால் காய்ச்சலும் வலது விலாவில் வலியுமாக வந்து படுத்தார். ஸ்கேனில் பார்த்தால் கல்லீரலுக்குள் ஆரஞ்சுப்பழம் அளவுக்கு ஒரு சீழ்க்கட்டி. ஊசி போட்டு உறிஞ்சி எடுத்தார்கள். இந்த மாதிரிக் கட்டி இரண்டு விதத்தில் வரும். பாக்டீரியாவாலும் வரும், அமீபாவாலும் வரும். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டுக்கும் ஒரே முகம். அதனால் வார்டைப் பார்க்கிற டாக்டரம்மா இரண்டுக்கும் சேர்த்து இரண்டு மருந்தை நரம்பு வழியாக ஏற்றினார். மூன்றே நாளில் காய்ச்சல் இறங்கியது. நாலாம் நாள் அத்தான் எழுந்து உட்கார்ந்து, வார்டில் எந்த மின்விசிறியில் என்ன கோளாறு என்று நர்சுகளுக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் ஆய்வகத்து அறிக்கை போனது. ‘வளர்ச்சி இல்லை.’ சீழில் பாக்டீரியா முளைக்கவில்லை என்றால் சந்தேகம் அமீபாவின் மேல்தான் விழும். ரத்தப் பரிசோதனையும் ‘அமீபாவாக இருக்கலாம்’ என்று இழுத்தது. எதற்கு வீணாக இரண்டு மருந்து என்று பாக்டீரியாவுக்கான மருந்து நிறுத்தப்பட்டது. இரண்டு நாள் கழித்து இதோ நூற்றுமூன்று. வற்றிய கட்டி மறுபடியும் நிரம்பியிருந்தது.

அந்த அறிக்கையில் இருந்த கையெழுத்து மூக்குக்காரியுடையது.

அவள் அலமாரியைத் திறந்தாள். படித்து முடித்த தட்டுகளைப் பத்து நாள் வைத்திருந்துதான் வேகவைத்து எறிவார்கள். அத்தானுடைய தட்டு இன்னும் இருந்தது. எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். திருப்பினாள், சாய்த்தாள், பூதக்கண்ணாடி வைத்தாள். துடைத்துவைத்த மாதிரி சிவப்பாக, வெறுமையாக இருந்தது. தட்டு பொய் சொல்லவில்லை. அப்படியானால் எது பொய் சொல்கிறது? மருந்து நின்றதும் காய்ச்சல் ஏறுகிறதே, அமீபா மருந்துதான் ஓடிக்கொண்டிருக்கிறதே!

சாதாரணக் காற்றில் முளைக்காத கிருமிகள் சில உண்டு. அதுகளுக்குக் கொஞ்சம் புழுக்கமான காற்று வேண்டும், ஆள் நெரிசலாக உட்கார்ந்திருக்கிற அறைக்குள் இருக்குமே, அது மாதிரி. பெரிய ஆய்வகங்களில் அதற்கு விலையுயர்ந்த பெட்டி இருக்கிறது. இவர்களிடம் ஒரு கண்ணாடி ஜாடி இருந்தது. தட்டுகளை ஜாடிக்குள் அடுக்கி, நடுவில் ஒரு மெழுகுவர்த்தியைக் கொளுத்தி, மூடியை இறுக்கிவிட வேண்டும். சுடர் உள்ளே இருக்கிற காற்றைத் தின்றுவிட்டு ஒரு நிமிஷத்தில் தானாக அணைந்துவிடும். மிஞ்சுகிற காற்று அந்தக் கிருமிகளுக்குப் பிடித்த காற்று. அடுக்குவது மூக்குக்காரி. கொளுத்தி மூடுவது பக்கத்து மேசைக்காரர், ஏனென்றால் அவளுக்குத் தீக்குச்சி ஆகாது, அவருக்கு மூக்கே இல்லை. பதினோரு வருஷமாக இந்த ஏற்பாட்டில் ஒரு பிசகும் வந்ததில்லை.

ஜாடி மேல்தட்டில் இருந்தது. அத்தானுடைய சீழுக்குப் பிறகு யாருக்கும் அது தேவைப்படவில்லை. எட்டி எடுத்து மேசைமேல் வைத்தாள். உள்ளே மெழுகுவர்த்தி நின்றது. முழுசாக, உயரமாக, நேராக. அதன் திரி வெள்ளையாக இருந்தது.

எரிந்த திரி கறுப்பாக இருக்க வேண்டும். இது கடையில் வாங்கியபோது எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது. 

“சார், இந்த மெழுகுவர்த்தியை எப்ப மாத்துனீங்க?”

பக்கத்து மேசைக்காரர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு யோசித்தார். “தலைவர் பொறந்தநாள் அன்னைக்கு. கேக்குல குத்த மெழுகுவர்த்தி இல்லைன்னு ஜாடியில இருந்த பழசைத்தான எடுத்துட்டுப் போனோம்? புதுசு கேக்குக்கு ரொம்ப உயரம், அதை ஜாடியில வச்சேன்.”

“வச்சுட்டு?”

“வச்சுட்டு, நீ அடுக்கின தட்டுல தூசி விழக் கூடாதேன்னு மூடியை வச்சேன். கேக் வெட்டினப்புறம் கொளுத்திக்கலாம்னு. திரும்பி வந்து பாத்தா ஜாடி பெட்டிக்குள்ள இருந்துச்சு. சரி, எப்படியோ பொறுத்துக்கிட்டு நீயே கொளுத்திட்டன்னு…” என்று சொல்லிக்கொண்டே வந்தவர் பாதியில் நிறுத்தினார்.

“மூடியிருந்துச்சே சார். மூடியிருந்தா நீங்க கொளுத்திட்டீங்கன்னுதான அர்த்தம்? அதான் எடுத்துப் பெட்டிக்குள்ள வச்சேன்.”

இருவரும் ஜாடியைப் பார்த்தார்கள். மூடிய ஜாடிக்குள் எப்போதும் அணைந்த மெழுகுவர்த்திதான் இருக்கும். அதனால் மூடிய ஜாடியைப் பார்த்தால் யாரும் திரியைப் பார்ப்பதில்லை. அவளும் பார்க்கவில்லை. அத்தானுடைய கிருமிக்குத் தேவையான காற்று தலைவருடைய கேக்கின்மேல் எரிந்து தீர்ந்திருந்தது. அந்தக் கேக்கில் இரண்டு துண்டு சாப்பிட்டவள் வேறு அவள்.

ஒரு நினைப்பு வந்தது. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது, வந்தது வந்ததுதான். இப்போது ஒரு குச்சியை உரசினால் திரி கறுத்துவிடும். ‘எதற்கும் இன்னொரு தடவை சீழ் எடுத்துப் பார்க்கலாமே’ என்று டாக்டரம்மாவிடம் பொதுவாகச் சொல்லி வைக்கலாம். காதும் காதும் வைத்த மாதிரி முடிந்துவிடும். பக்கத்து மேசைக்காரரும் வாயைத் திறக்க மாட்டார், அவருக்கும் பங்கு இருக்கிறது. ஆனால் பொதுவாகச் சொன்னால் டாக்டரம்மாவும் பொதுவாகத்தான் கேட்பார். நாளை மத்தியானம் வயிற்றைத் திறக்கப்போகிறவர்கள் அந்தக் காகிதத்தை நம்பித்தான் திறப்பார்கள்.

மெழுகுவர்த்தியைப் பிடுங்கிக் கையில் எடுத்துக்கொண்டு மாடிக்கு ஓடினாள். அறுபத்திரண்டு படி. நாற்பதாவது படியில் மூச்சு வாங்கியது, நிற்கவில்லை.

டாக்டரம்மா வார்டு வாசலில் நின்று காய்ச்சல் அட்டையில் எழுதிக்கொண்டிருந்தார். எதையும் சுற்றி வளைத்துப் பேசத் தெரியாத மனுஷி.

“இது என்ன?”

“மெழுகுவர்த்தி, டாக்டர்.”

“அது தெரியுது. விளக்கெல்லாம் எரியுதே?”

“இது எரியல, டாக்டர். எரிஞ்சிருக்கணும். திரியைப் பாருங்க.” ஒரே மூச்சில் கொட்டினாள். கேக், ஜாடி, மூடி, வெள்ளைத் திரி, எதையும் விடவில்லை. “வளர்ச்சி இல்லைன்னு நான் எழுதினது தப்பு. வளர விடலைன்னு எழுதியிருக்கணும். அந்த அறிக்கையை நம்பாதீங்க.”

டாக்டரம்மா பேனாவை மூடினார்.  

“அந்தக் காகிதத்தை நம்பித்தான் நான் மருந்தை நிறுத்தினேன்.”

“தெரியும், டாக்டர்.”

“ரெண்டு நாள் வீணாப்போச்சு.”

“தெரியும்.”

“சரி. திட்டுறதுக்கு அப்புறம் நேரம் இருக்கு. நான் இப்பவே ஊசியை ஆரம்பிக்கிறேன்.”

“அரை மணி நேரம் கொடுங்க!” அவளுக்கே தன் குரல் பெரிதாகக் கேட்டது. “ரெண்டு நாளா அந்த மருந்து உடம்புல இல்ல. கிருமி இப்ப நல்லா தெம்பா இருக்கும். மருந்து போறதுக்கு முன்னாடி சீழ் எடுத்துக் கொடுங்க, இந்தத் தடவை பிடிச்சுடுறேன். எதுன்னு தெரிஞ்சா எதை எத்தனை நாள் கொடுக்கணும்னு உங்களுக்குத் தெரிஞ்சுடும்.”

டாக்டரம்மா கடிகாரத்தைப் பார்த்தார். “அரை மணி. முப்பத்தொண்ணாவது நிமிஷம் மருந்து ஏறும். சீழ் வந்தாலும் சரி, வராட்டியும் சரி.”

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் ஓட்டம்தான். கட்டிலோடு அத்தானைத் தள்ளிக்கொண்டு ஸ்கேன் அறைக்கு ஓடினார்கள். அக்கா ஒரு கையில் போர்வையும் இன்னொரு கையில் தண்ணீர் பாட்டிலுமாகப் பின்னால் ஓடி வந்தாள். நடுங்கிக்கொண்டே படுத்திருந்த அத்தான் மைத்துனியின் கையைப் பார்த்தார்.

“என்ன மூக்கு, மெழுகுவர்த்தியோட வர்ற? எனக்குப் பொறந்தநாளா?”

“இன்னும் இல்ல அத்தான். சும்மா படுங்க.”

திரையில் கல்லீரல் சாம்பல் நிறமாகத் தெரிந்தது. நடுவில் ஒரு கறுப்பு வட்டம். ஊசி விலாவுக்குக் கீழே நுழைந்து, மெல்ல மெல்ல அந்தக் கறுப்புக்குள் போவதை எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். அத்தான் பல்லைக் கடித்துக்கொண்டார், உடனே “ஆ” என்று கன்னத்தைப் பிடித்தார். ஊசி குத்தியது விலாவில், கை போனது கன்னத்துக்கு. அப்போது யாரும் அதைக் கண்டுகொள்ளவில்லை. சிரிஞ்சுக்குள் மஞ்சளும் பழுப்புமாகச் சீழ் ஏறிக்கொண்டிருந்தது.

“வந்துடுச்சு! எடுத்துட்டு ஓடு!” என்றார் டாக்டரம்மா.

லிஃப்டில் ஒரு கட்டில் பாதி உள்ளேயும் பாதி வெளியேயும் சிக்கிக்கொண்டு நின்றது. மறுபடியும் படிதான். இறங்கும்போது எண்ணவில்லை, இரண்டிரண்டாகத் தாவினாள். தலைவர் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். பக்கத்து மேசைக்காரர் எல்லாவற்றையும் அவரிடம் சொல்லி முடித்திருந்தார் என்பது தலைவருடைய முகத்திலேயே எழுதியிருந்தது. ஆனால் அவர் கேட்டது ஒரே ஒரு கேள்விதான்.

“எத்தனை நிமிஷம் இருக்கு?”

“பதினொண்ணு.”

ஒரு சொட்டைக் கண்ணாடித் துண்டில் தடவி, காய வைத்து, ஊதா மை ஊற்றி, கழுவி, சிவப்பு மை ஊற்றி, மறுபடி கழுவினாள். ஆயிரம் தடவை செய்த வேலைதான், முதல் தடவை எடுத்த சீழுக்கும் செய்தாள், அப்போது எதுவும் கண்ணில் படவில்லை. நுண்ணோக்கியில் குனிந்தாள். சீழ் செல்கள் குவியல் குவியலாகக் கிடந்தன. நகர்த்தினாள். சீழ் செல். நகர்த்தினாள். சீழ் செல். பக்கத்து மேசைக்காரர் முதுகுக்குப் பின்னால் மூக்கை உறிஞ்சிக்கொண்டே நின்றார்.

“சார், கொஞ்சம் உறிஞ்சாம இருங்க.”

அவர் மூச்சையே நிறுத்திவிட்டார். இன்னும் ஒரு நூல் நகர்த்தினாள். அங்கே இருந்தது. ஊதா நிறத்தில், கோத்த மணி மாதிரி, ஏழு புள்ளி வரிசையாக. பக்கத்தில் இன்னொரு வரிசை. அதற்குப் பக்கத்தில் இன்னும் நாலு.

“சங்கிலி!” என்று கத்தினாள். “சங்கிலி! சங்கிலியா கிடக்கு!”

போனை எடுத்தவள் டாக்டரம்மாவிடமும் வேறு எதுவும் சொல்லவில்லை, சங்கிலி என்றே மூன்று தடவை கத்தினாள். ஆனால் புரியவேண்டியவருக்குப் புரிந்துவிட்டது. பாக்டீரியாதான், அமீபா இல்லை. முப்பத்தொன்றாவது நிமிஷம்வரை காத்திருக்காமல் இருபத்தாறாவது நிமிஷத்திலேயே நிறுத்திய மருந்து மறுபடி ஏற ஆரம்பித்தது.

மிச்சச் சீழைத் தட்டுகளில் தடவி ஜாடிக்குள் அடுக்கினாள். மெழுகுவர்த்தியை அதன் இடத்தில் நிறுத்தினாள். பக்கத்து மேசைக்காரர் வழக்கம்போலத் தீப்பெட்டியை எடுத்தார்.

“கொடுங்க சார், நானே கொளுத்துறேன்.”

“உனக்கு ஆகாதேம்மா.”

“ஆகாதுதான். கொடுங்க.”

உரசினாள். மூக்கு எரிந்தது, கண்ணில் தண்ணீர் வந்தது. திரி பிடித்துக்கொள்ளும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்து, மூடியை வைத்து இறுக்கிய பிறகுதான் முதல் தும்மலை விட்டாள். பதினேழு வந்தது. தும்மலுக்கு நடுவே மூன்று பேரும் ஜாடியைச் சுற்றி நின்று சுடரைப் பார்த்தார்கள். அது குட்டையானது, நீலமானது, அணைந்தது. திரி கறுப்பாக நின்றது. தலைவர் தன் பேனாவை எடுத்துப் பதிவேட்டில் ‘திரி கறுப்பு: மூவரும் பார்த்தோம்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் காலை ஆறரைக்கே மூன்று பேரும் வந்துவிட்டார்கள். வழக்கமாக எட்டு மணிக்கு வரும் தலைவர், ஏதோ தற்செயலாக இந்தப் பக்கம் வந்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு நின்றார். மேலே அத்தானுக்கு நூற்றொன்று. இறங்கியிருந்தது, ஆனால் போதாது. அறுவை டாக்டர் மத்தியானம்வரைதான் பொறுப்பதாகச் சொல்லியிருந்தார்.

மூக்குக்காரி ஜாடியை எடுத்து மேசைமேல் வைத்தாள். மூடியைத் திருகினாள். தட்டைத் தொடவேயில்லை, குனியவுமில்லை, பலகையில் எழுதியதை ஒரு எழுத்துகூட மீறவில்லை. வாசனை தானாக எழுந்து வந்தது.

பட்டர்ஸ்காட்ச்!

வாணலியில் சர்க்கரையும் வெண்ணெயும் சேர்ந்து பொன்னிறமாக வரும்போது அடிக்குமே, சாட்சாத் அதே வாசனை. சீழிலிருந்து வந்த கிருமி மிட்டாய்க் கடை மாதிரி மணத்தது. கிருமிகளிலேயே இப்படி மணக்கக்கூடிய ஒரு கூட்டம் இருக்கிறது. அவள் அதை வாழ்நாளில் இரண்டே தடவைதான் முகர்ந்திருந்தாள்.

“நான் முகரல சார், அதுவா வந்துச்சு!”

தலைவர் ஜாடியின் பக்கம் போனார். பலகையை ஒருதரம் பார்த்தார். பிறகு மெல்லக் குனிந்து, கண்ணை மூடி, நன்றாக இழுத்து மூச்சு வாங்கினார்.

“அட!” என்றார். “ஐஸ்கிரீம்!”

“எனக்குத்தான் ஒண்ணும் தெரியல” என்று பக்கத்து மேசைக்காரர் நிஜமான துக்கத்தோடு சொன்னார்.

தட்டில் ஊசிமுனை அளவுக்குப் புள்ளிகள், நூற்றுக்கணக்கில். முந்தின தட்டில் இவை அத்தனையும் முளைக்க வழியில்லாமல் செத்திருக்கின்றன. ஆனால் அதை நினைத்து வருந்த இப்போது நேரமில்லை, ஏனென்றால் அந்த வாசனை இன்னொன்றும் சொன்னது. இந்தக் கூட்டம் பெரும்பாலும் வாயில் குடியிருப்பது. பல் இடுக்கில், ஈறில். அங்கே எங்காவது ஓட்டை விழுந்தால் ரத்தத்தில் இறங்கி ஊர்வலம் போகும். ஊசி குத்தினபோது அத்தானுடைய கை எங்கே போனது?

மறுபடியும் அறுபத்திரண்டு படி.

“அத்தான், வாயைத் திறங்க.”

“எதுக்கு?” அத்தான் வாயை இறுக்கி மூடிக்கொண்டே கேட்டார்.

“திறங்கன்னா திறங்க!”

டாக்டரம்மா டார்ச்சை அடித்தார். வலது பக்கம் கீழ் வரிசையில், கடைசிக்கு முந்தின கடைவாய்ப்பல் பாதியாக உடைந்து கறுத்துக் கிடந்தது. சுற்றியிருந்த ஈறு புடைத்து, தொட்டால் சீழ் கசிந்தது.

“இது எத்தனை நாளா இருக்கு?” என்றார் டாக்டரம்மா.

அத்தான் கூரையைப் பார்த்தார். “ஒரு… மூணு மாசம் இருக்கும் டாக்டர்.”

“எப்படி உடைஞ்சது?”

 அக்காதான் வெடித்தாள். “கம்பி உரிக்கிறதுக்கு அதுக்குன்னே ஒரு கட்டர் இருக்கு டாக்டர். பெட்டியில பளபளன்னு புதுசாவே கிடக்கு. இவரு ஏணி மேல நின்னா ஒரு கையில டெஸ்டர், ஒரு கையில டேப், கம்பி வாயில! இருபத்தஞ்சு வருஷமா பல்லாலதான் உரிக்கிறாரு. நாங்கூட சொல்லியிருக்கேன், என்னைக்காவது ஷாக் அடிச்சுத்தான் போகப்போறீங்கன்னு. பல்லு வந்து கல்லீரலைக் கடிக்கும்னு யாரு கண்டா?”

“கட்டர் எடுக்கணும்னா ஏணியை விட்டு இறங்கணும்ல?” என்று அத்தான் மெதுவாகச் சொன்னார். “பல்லு கூடவே இருக்கு.”

டாக்டரம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு அறுவை டாக்டருக்குப் போன் போட்டார். மத்தியானம் யாருடைய வயிறும் திறக்கப்படவில்லை.

அதற்கடுத்த நாள் மருந்துச் சோதனைத் தட்டு தயாரானது. கிருமி பரப்பிய தட்டில் சின்னச் சின்ன மருந்து வில்லைகளை வைத்து, எந்த வில்லையைச் சுற்றிக் கிருமி முளைக்காமல் வெட்டவெளி விழுகிறது என்று பார்க்க வேண்டும். எல்லாவற்றிலும் பழைய, எல்லாவற்றிலும் சாதாரணமான பென்சிலினைச் சுற்றித்தான் பெரிய வட்டம் விழுந்திருந்தது. அளவுகோலை வைத்து அளந்தபோது மூக்குக்காரிக்குக் கூத்தாட வேண்டும்போல இருந்தது. கொஞ்சம் ஆடவும் செய்தாள். எந்த மருந்து, எத்தனை வேளை, எத்தனை வாரம் என்று டாக்டரம்மா தெளிவாக எழுதினார். பல் டாக்டர் வந்து பல்லைப் பிடுங்கிச் சின்ன பாட்டிலில் போட்டுக் கொடுத்தார். சாய்ந்தரம் நூறு. மறுநாள் காலை தொண்ணூற்றொன்பது. அதற்கும் மறுநாள், வேர்த்து, சட்டை நனைந்து, அத்தான் பசிக்கிறது என்று சத்தம் போட்டார்.

இத்தனை நாளும் அக்கா சும்மா இருக்கவில்லை. வார்டு முழுக்க, வாசல் காவலாளிவரை, போனில் உறவு முறையெல்லாம் கூப்பிட்டு ஒரே பாட்டு. “என் தங்கச்சிதான் கண்டுபிடிச்சா. ஊரே அமீபான்னுச்சு, இவ ஒருத்திதான் இல்லைன்னு நின்னா. வாசத்தை வச்சே சொல்லிட்டா!” பார்க்கிற நர்சுகளெல்லாம் மூக்குக்காரியைப் பார்த்துச் சிரித்தார்கள். ஒவ்வொரு சிரிப்பும் அவளுக்கு முள்ளாகக் குத்தியது. திருத்திய அறிக்கையில் ‘முந்தைய அறிக்கை தவறு, தவறு என்னுடையது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, டாக்டரம்மாவிடமும் தலைவரிடமும் கொடுத்தாயிற்று. அக்காவிடம் மட்டும் சொல்லவில்லை. சொல்லப் போவாள், அக்கா யாரிடமாவது புகழ்ந்துகொண்டிருப்பாள், திரும்பி வந்துவிடுவாள்.

தொண்ணூற்றெட்டரை ஆன அன்று இனி முடியாது என்று போனாள். அக்கா ஜன்னலோரம் நின்று ஈரச் சட்டையை உதறிக்கொண்டிருந்தாள். அத்தான் ரொட்டியை இடது பக்கமாக மென்றுகொண்டிருந்தார்.

“அக்கா, ஒண்ணு சொல்லணும். கத்தாதே.”

“சொல்லு.”

“அந்த முதல் அறிக்கை… வளர்ச்சி இல்லைன்னு போட்டது நான்தான். ஜாடியில மெழுகுவர்த்தியே எரியல. நான் திரியைப் பாக்கல. மருந்தை நிறுத்தினது அதனாலதான். அந்த நூத்திமூணு என்னாலதான் வந்துச்சு. நீ எல்லார்கிட்டயும் என்னைப் பத்தி…”  மூக்கு அடைத்துக்கொண்டது. அழுகையாலும் அந்த மூக்கு அடைத்துக்கொள்ளும்.

அக்கா சட்டையை உதறி முடித்தாள். கொடியில் போட்டாள். இரண்டு பக்கமும் கிளிப் மாட்டினாள்.

“தெரியும்.”

“எது தெரியும்?”

“எல்லாம் தெரியும். அன்னைக்கு நீ சீழை எடுத்துட்டுக் கீழ ஓடுன பாரு, அப்பவே டாக்டரம்மா சொல்லிட்டாங்க. அவங்க வாயில எதுவும் நிக்காது. கேக்கு கதைகூடச் சொன்னாங்க.”

“அப்புறம் ஏன்டி ஊர் பூரா அப்படிச் சொல்லிட்டுத் திரிஞ்ச?”

“நான் முந்திக்கிட்டு ஒரு கதையைச் சொல்லலைன்னா இன்னொரு கதை ஊரைச் சுத்தும்ல? ‘கூடப்பொறந்தவளே இப்படிப் பண்ணிட்டா’ன்னு. அது உன் காதுல விழணுமா?” அக்கா அருகில் வந்தாள். அவள் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. “மூணு மாசமா இவரு வலது பக்கம் மெல்லாம சாப்பிடுறதை நான் தினமும் பாத்தேன்டி. கேட்டா சண்டை வரும்னு கேக்காம விட்டேன். நானும் திரியைப் பாக்காதவதான். அது ஊருக்குத் தெரியுமா?”

மூக்குக்காரி அக்காவைக் கட்டிக்கொள்ளப் போனாள். அக்கா அவளுடைய மேல்கையில், சின்ன வயதில் கிள்ளுவாளே, அதே இடத்தில், நகம் பதியக் கிள்ளினாள்.

“ஆ! எதுக்குடி?”

“அது நூத்திமூணுக்கு” என்றாள் அக்கா. “மிச்சத்தை வீட்டுக்கு வா, வச்சுக்கிறேன்.”

கட்டிலில் அத்தான் மெல்வதை நிறுத்திவிட்டு இருவரையும் பார்த்தார். அக்கா அவர் பக்கம் திரும்பினாள். பையிலிருந்து பளபளக்கும் கம்பி கட்டரை எடுத்து, அதில் ஏற்கெனவே கட்டியிருந்த கயிற்றை அவர் கழுத்தில் மாட்டிவிட்டாள். மூக்குக்காரி தடித்துச் சிவந்த கையைத் தடவிக்கொண்டே படியிறங்கினாள். அது ரெண்டு நாள் வலித்தது. அவள் யாரிடமும் காட்டவில்லை, ஆனால் அடிக்கடி சட்டைக் கையை உயர்த்திப் பார்த்துக்கொண்டாள்.